ரேடியோ இல்லை, விஜயராணி

விஜயராணி எங்கள் லைன் வீட்டு வரிசையில் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம், "ரேடியோவக் கொஞ்சம் சின்னதா வைங்க, தலை வலிக்குதுங்க" என்று சுவரைத் தட்டினேன். பாட்டு சட்டென்று நின்றது. மறுநாள் குழாயடியில் அவள் புருஷன் அந்தோணிராஜ் சொன்னார், அவர்கள் வீட்டில் ரேடியோவே கிடையாதாம். பாடியது அவர் பெண்டாட்டியாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவளுக்கு ஊர் சாத்தான்குளம் பக்கம். கல்யாணத்துக்கு முன்பே பி.ஏ. இசை முடித்தவள். இங்கே என்னோடு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின், திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழுவில் பாட்டு. எந்தப் பாடகியின் பாட்டோ, அந்தப் பாடகியாகவே மாறிவிடுவாள். ஒரிஜினலே தோற்றுவிடும் என்று ஜனம் கைதட்டும். திங்கட்கிழமை வந்தால் பழையபடி மிஷின்தான்.

பஞ்சுத் தூசியில் இருமி இருமி அலுத்துப்போய், மகள் பிளஸ் டூ முடித்த வருஷம் எம்.ஏ. இசையில் சேர்ந்தாள். தேறினால் பல்லடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சனி, ஞாயிறு வகுப்புக்குக் கோயமுத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போவாள். ஷிப்மெண்ட், சரக்கு அனுப்பும் அவசரம் என்றால் சூப்பர்வைசர் லீவு தர மாட்டான். அந்த ஆளைத் திட்டித் திட்டி என் வாய்தான் வலித்தது.

கடைசிப் பரீட்சைக்கு முன்னால் வைத்த மாதிரித் தேர்வில் காலேஜ் டீச்சர் அவளைப் பாதியில் நிறுத்தினாராம். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது இன்னொருத்தர் குரல். உங்க குரல்ல பாடுங்க." இவள் மாற்றிப் பாட, "இது வேற ஒருத்தர்" என்றாராம். இப்படியே பாடினால் தேற முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "என் குரலு எதுன்னு எனக்கே தெரியலயேக்கா."

"காலைல புள்ளைய எழுப்பறக்குக் கத்தறயே கண்ணு, அதுதான்" என்றேன். சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது.

அதற்கப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டே இல்லை. பரீட்சைக்கு முந்தைய நாளும் ஷிப்மெண்ட் என்று எங்களைக் கசக்கிப் பிழிந்துதான் விட்டார்கள். சாயங்காலம் காலை நீட்டிப் படுத்திருந்தேன். சுவருக்கு அப்பால் யாரோ பாடினார்கள். கரகரப்பான, தாழ்ந்த குரல். எந்தப் பாடகியின் குரலும் இல்லை. இன்னொருத்தியாக மாறத் தெம்பில்லாமல், அலுப்போடு, ஆனால் சுருதி விலகாமல் போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன ராணி, தொண்டை கட்டிருக்கா? சுக்குத்தண்ணி வைக்கட்டா?" என்று அந்தோணிராஜ் கேட்டார்.

"கட்டலைங்க" என்றாள். "இதுதான் நான் போல."

அந்தக் குரலை வைத்துத்தான் பரீட்சையில் பாடினாள். தேறியது தெரிந்த அன்று என்னிடம் சொல்லிவிட்டு, சோறுகூடத் தின்னாமல் படுத்துத் தூங்கிப்போனாள். ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். கம்பெனியில் பேச்சுத்துணை இல்லாமல் நான்தான் சலித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று, எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள். "ஏனுங்க, உங்க பக்கத்து ஊட்டு அக்கா பாடறாங்களாட்ட இருக்குதுங்க?"

ரேடியோவா என்று அவள் கேட்கவில்லை.