சம்பந்தி வீட்டு பூஸ்டர்

சலாவுதீனுக்கு முதுகு நிமிர்ந்து பல வருஷமாகிவிட்டது. கார் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, மூக்குக்கு மேலே தொங்கும் ஒயர்களைப் பார்த்தே பாதி ஆயுள் போய்விட்டது. தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் அவருக்கு ஒரு கடை. கடை என்றால் ஒரு பெஞ்சு, ஒரு பழைய பேட்டரி, சுவரில் நாலைந்து ஸ்பீக்கர்கள். டாக்ஸிகளுக்கும் சொந்தக் கார்களுக்கும் கேசட் பிளேயர் மாட்டிக் கொடுப்பார். பாட்டுச் சத்தம் பத்தாதவர்களுக்கு பூஸ்டர். பெட்டியின் மேல் ஆம்ப்ளிஃபயர் என்றுதான் எழுதியிருக்கும்; கடைக்கு வருகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை.

எண்பத்தாறில் அப்துல் வாஹித்தின் கார் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. வாஹித் பாய் தோல்பைப் பட்டறைக்காரர். பட்டறை தாராவியில், வீடு செம்பூரில். அவருடைய மகன் சிராஜுக்குத்தான் சலாவுதீனின் மகள் சைனபைப் பேசிக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் வந்த ஒரு சம்பந்தம் பேச்சோடு நின்றுபோனது. நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். வீடே சோர்ந்து கிடந்தது. இதுவும் தட்டிப்போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று சலாவுதீனுக்குப் பயம்.

துபாயிலிருந்து மச்சினன் கொண்டுவந்த பூஸ்டரை வாஹித் பாய் வேறு யாரிடம் கொடுப்பார்? சலாவுதீன்தான் அதை முன் சீட்டுக்கு அடியில் மாட்டிக் கொடுத்தார். ஒரு வாரம் தாண்டவில்லை, சிராஜ் வந்து நின்றான்.

"மாமா, கொஞ்ச நேரம் மஸ்தா பாடுது. அப்புறம் ஏக்தம் பந்த், பாட்டே நின்னு போவுது. தொட்டா கை சுடுது."

ஸ்பீக்கர் ஒயர் எங்கேயாவது உரசித் தகரத்தைத் தொட்டால் பூஸ்டர் சூடேறும். சலாவுதீன் கதவுகளின் உள்அட்டையைக் கழற்றி, ஒயரை முழுவதும் தடவிப் பார்த்து, சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் இன்சுலேஷன் டேப் சுற்றினார். பிறகு கடை வாசலிலேயே சத்தமாகப் பாடவிட்டு, பெட்டியின் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெறும் இளஞ்சூடுதான். கேசட்டின் இரண்டு பக்கமும் ஓடி முடிந்தது. சிராஜ் சந்தோஷமாகப் போனான். மறுநாளே திரும்பி வந்தான்.

இந்த முறை எர்த் ஒயர். திருகு உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்தபின் இறுக்கினார். கடையில் ஜோராகப் பாடியது, செம்பூரில் நின்றது. மூன்றாம் முறை பெட்டியையே திறந்தார். டிரான்சிஸ்டர்களைக் கழற்றி, சூட்டை வெளியே கடத்தும் வெள்ளைப் பசையைப் புதிதாகத் தடவி மூடினார். பூஸ்டர் அதற்கும் மசியவில்லை. கடையில் சாதுவாக இருக்கிற பெட்டி வீட்டுக்குப் போனதும் கொதித்தால் மனிதன் எதை நம்புவது? இத்தனை வருஷம் செய்த வேலை மேலேயே அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது. சோற்றில் கை வைத்தாலும் ஒயர்தான் ஞாபகம்.

"ஞாயித்துக்கிழமை நெருள்ல மனை பாக்கப் போறோம். நீங்களும் வாங்க பாய். ஓடுற வண்டியில பாத்தாத்தான் கோளாறு தெரியும்," என்றார் வாஹித் பாய்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சலாவுதீன் செம்பூரில் போய் நின்றார். வாஹித் பாயின் மனைவி ஷரீஃபுன்னிசா மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் மெரூன் வெல்வெட்டில் ஒரு உறை. உள்ளே ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்து, ஓரத்தில் ஜரிகை ஓட்டியிருந்தது. சிராஜ் குனிந்து அதை பூஸ்டருக்கு மாட்டினான். பொருத்தமோ பொருத்தம், ஒரு விரல்கூட உள்ளே போகாது.

"எங்க வீட்டுல டிவி, மிக்ஸி, டெலிபோன் எல்லாத்துக்கும் நான் தச்சதுதான்," என்றார் ஷரீஃபுன்னிசா பெருமையாக. "உங்க கடைக்கு வர்றப்ப மட்டும் கழட்டி வச்சிருவேன். கிரீஸ் பட்டா வெல்வெட்டுல போவாதுல்லா."

சலாவுதீனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையைக் கம்பளிக்குள் அமுக்கி வைத்தால் சூடு எப்படி இறங்கும்? வேறு யார் வண்டியாக இருந்தாலும் அந்த இடத்திலேயே உறையை உருவி எறிந்துவிட்டு நாலு வார்த்தை திட்டியிருப்பார். இங்கே அவர் பெண்ணைப் பெற்றவர். மாப்பிள்ளையின் உம்மா கைப்படத் தைத்ததைக் குறை சொல்ல வாய் வரவில்லை. என்னைக் கேட்டால் கோழை என்று சொல்ல மாட்டேன். மனிதர் அவ்வளவு அலுத்துப் போயிருந்தார்.

வாஹித் பாயும் மனைவியும் பின்னால் உட்கார, சலாவுதீன் சிராஜுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். மான்கூர்ட் வரும்போதே குதிகாலில் சூடு தட்டியது. காலை நகர்த்திக்கொண்டார். வாஷி பாலத்தின் நடுவில் பாட்டு நின்றது.

"என்ன பாய், இன்னும் பிடிபடலியா?" என்றார் வாஹித் பாய்.

"நான் செஞ்ச வேலைதான் சரியில்ல பாய். என் தப்பு. வேற பெட்டி பாத்து மாட்டித் தாரேன்."

வாஹித் பாய்க்கு மனசு இளகிவிட்டது. மனைவியிடம் சத்தமாகவே சொன்னார்: "தொழில் முன்னப்பின்ன இருந்தாலும் ஆளு தங்கம். தன் தப்ப ஒத்துக்கிடவும் மனசு வேணும்லா. வர்ற வெள்ளிக்கிழமை நிச்சயத்த வச்சிருவோம்."

சாயந்தரம் வீட்டுக்கு வந்து, சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். நிச்சயம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுப்பு மறைப்புக்குப் பின்னால் சைனப் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஓரறை வீட்டில் ரகசியம் ஏது? கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். சிராஜை அவளுக்குப் பிடித்திருந்தது, அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை.

"வாப்பா, அந்த உறையக் கழட்டுங்கன்னு உங்களால ஒரு வார்த்தை சொல்ல முடியல. அந்த வீட்டுலயே இருக்கப் போறவ நான். எதுக்கெல்லாம் என் தப்புன்னு சொல்லணும்னு இப்பமே சொல்லிக் குடுத்துருங்க."

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. திட்டியிருந்தால் அவரும் பதிலுக்குத் திட்டிவிட்டுப் படுத்திருப்பார். உடம்பு முழுக்க வலித்தது. எழுந்து ஆணியிலிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்ப செம்பூருக்கா? கறி கொதிக்குது, சாப்பிட்டுட்டுப் போங்க," என்றாள் மனைவி.

"சாப்பிட்டா போக மாட்டேன்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.