மூன்று மெஷின்களும் ஒரு தங்க லேபிளும்: சிவகாசிக்கு ஒரு நாள்

சிவகாசிக்கு ஊரே பட்டாசு வாங்கப் போகும். நான் போன ஆடியில் ஒரு வியாழக்கிழமை, மூன்று கையடக்கக் கணினிகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். வேலை மதுரையில் ஒரு பார்சல் கம்பெனியில். சிவகாசி அச்சகங்களில் அட்டைப்பெட்டிகளையும் லேபிள் கட்டுகளையும் ஏற்றி, சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளில் இறக்குவது எங்கள் தொழிலில் பாதி. எது எங்கே இறங்கியது என்பதை இன்னமும் கார்பன் தாள் வைத்த புத்தகத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தோம். அதற்குப் பதில் பார்கோடு படிக்கிற, கீழே விழுந்தாலும் உடையாத மெஷின் வாங்கலாம் என்று முடிவானது. மாதிரிக்கு வந்த மூன்றில் எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சீசன் லோடு தொடங்குமுன் மெஷின்கள் வந்து சேர வேண்டுமானால் அன்று மாலை நான்கு மணிக்குள் ஆர்டர் சொல்லியாக வேண்டும். தவறினால் தீபாவளி முடியும்வரை கார்பன் தாள்தான்.

காலை 6.10க்கு மதுரையில் கம்பெனி வேனில் கிளம்பினோம். ஓட்டியவர் பாண்டி அண்ணன். விருதுநகர் வந்தபோது மணி 7.05, மீட்டரில் 48 கிலோமீட்டர். இருவருக்கும் டீயும் உளுந்தவடையுமாக அறுபது ரூபாய். அண்ணன் வடைக்குக் கை நீட்டிய வேகத்தில், வேன் முகப்பில் நான் வைத்திருந்த பை சரிந்து தார்ச்சாலையில் விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். மூன்றையும் எடுத்து ஆன் செய்து பார்த்தேன், மூன்றும் பளிச்சென்று எரிந்தன.

"கீழ போட்டுப் பாக்கணும்னு சொன்னீகள்ல? பாத்தாச்சு" என்றார், வாயில் வடையோடு.

மூன்றையும் உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன். மஞ்சள் மெஷின் 16,500 ரூபாய், பெரிய தொடுதிரை, பார்க்கப் புதுச் செல்போன் போல இருக்கும். சாம்பல் நிறம் 24,000. அதுவும் தொடுதிரைதான், திரை கொஞ்சம் தடிமன். கறுப்பு 31,000. கனம், அசிங்கம், அடியில் தடித் தடியாகப் பொத்தான்கள். மஞ்சளை வாங்குவதென்று நான் மனதுக்குள் எப்போதோ முடிவு கட்டியிருந்தேன். சோதனை என்பது சும்மா பேருக்கு. இதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அங்கிருந்து 27 கிலோமீட்டர், 7.55க்கு சிவகாசி. எங்கள் சரக்குக் கிட்டங்கி வாசலில் சண்முகத்தாய் அக்கா நின்றிருந்தார். வேனோடு போய்ப் பெட்டிகளை எண்ணி இறக்கிக் கையெழுத்து வாங்கி வருவது அவர் வேலை, பதினொரு வருடமாக. வீடு எம். புதுப்பட்டியில். எங்கள் வேன் கடைசி லோடை இறக்குவதும் எம். புதுப்பட்டியில்தான். தினமும் மாலை ஐந்து மணிவாக்கில் தன் வீட்டு வாசலைத் தாண்டி, புத்தகத்தை ஒப்படைக்கச் சிவகாசிக்கு வந்து, மறுபடி பஸ் பிடித்து எட்டு மணிக்கு வீடு சேர்வார். முந்தைய நாள் எங்கள் மேனேஜரிடம் இதைச் சொல்லியிருந்தேன். "அன்னன்னிக்கு இறக்கின கணக்கு எல்லாம் மதுரையில என் கம்ப்யூட்டர்ல வந்துட்டா, அவங்க அப்படியே வீட்டுக்குப் போகட்டும்" என்றார் அவர்.

அக்காவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "என் வீட்டு வாசல வேனுக்குள்ள இருந்து பாத்தே வயசாயிருச்சு தங்கச்சி. இந்த டப்பா எறக்கி விட்டுருமாக்கும்?" என்றார். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அதுவரை அது வெறும் கொள்முதல் வேலை.

8.40க்கு அச்சகம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்ட பார்கோடு லேபிள் அடித்துத் தரச் சொல்லியிருந்தோம். அச்சக முதலாளி அண்ணாச்சி, "வாங்கம்மா, சாப்பிட்டீகளா?" என்று வரவேற்று, பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த இடத்துக்குப் பெருமையாக அழைத்துப் போனார். கண் கூசியது. சிவப்புப் பின்னணியில் தங்கத் தாள் பதித்து அடித்த பார்கோடு, சுற்றிலும் மத்தாப்பூப் பூவேலை. கல்யாணப் பத்திரிகை தோற்றுவிடும்.

மஞ்சளை நீட்டினேன். சத்தமே இல்லை. சாம்பல், இல்லை. கறுப்பு, அதுவும் இல்லை. சாய்த்துப் பிடித்தேன், தூரப் பிடித்தேன், திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். பதினைந்து நிமிடத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. விருதுநகரில் விழுந்ததில் உள்ளே ஏதோ போய்விட்டது என்று பாண்டி அண்ணனை முறைத்தேன். அவர் அச்சக மேசையில் கிடந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். கறுப்பு மெஷின் அதன் பார்கோடைக் கண்டதும் 'பீப்' என்றது. மற்ற இரண்டும் 'பீப்' என்றன.

மெஷின் மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. தங்கம்தான் ஒளியைத் திருப்பி அடித்து மெஷின்களின் கண்ணைக் கெடுத்திருக்கிறது. "அண்ணாச்சி, வெள்ளைத் தாள்ல வெறும் கறுப்புக் கோடு மட்டும் போதும். பளபளப்பே வேண்டாம்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "இம்புட்டு மொட்டையாவா? நம்ம பிரஸ்ல இருந்து போற சரக்கும்மா. தங்கத்துக்கு நான் தனியா காசுகூடப் போடல."

"மெஷினுக்கு அழகு தெரியாது அண்ணாச்சி."

"தெரியாத மெஷின எதுக்கு வாங்குதீக?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார், உடனே ஆளைக் கூப்பிட்டார். ஒன்றே கால் மணி நேரத்தில் மொட்டை லேபிள்கள் அடித்து ஒட்டியாகிவிட்டது. சிவகாசிக்காரர்களுக்கு வேலையின் வேகத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளம்பும்போது எனக்கு ஒரு தங்க லேபிளைக் கொடுத்து, "ஒங்க டைரில ஒட்டிக்கிடுங்க" என்றார். ஒட்டியிருக்கிறேன்.

நண்பகல் 12.20. ஒரு பட்டாசு ஆலை வாசல். செல்போன், மெஷின், பேட்டரி போட்ட எதுவும் உள்ளே போகக்கூடாது. காவலாளி கையை நீட்டி எங்களை வாசலில் கிழித்திருந்த கோட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். "கோட்டுக்கு அங்கன நின்னு என்ன வேணாலும் செய்ங்க" என்றார். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றி, சுவரில் பதித்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுப் போனார்கள். மேனியில் சேர்ந்த மின்சாரம் அதில் இறங்கிவிடுமாம். ஆகவே பெட்டியைப் பெறுகிறவர்தான் மெஷினில் 'பெற்றேன்' என்று அழுத்த வெளியே வர வேண்டும், நிழலில்லாத வெயிலில்.

அந்த வெயிலில் மஞ்சள் மெஷின் முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிட்டது. என் மூக்குதான் தெரிந்தது. சாம்பலில் எழுத்து தெரிந்தது, ஆனால் லேபிள் ஒட்டும் பகுதியிலிருந்து வந்த ஃபோர்மேனின் விரல்களில் பசை காய்ந்து தோல்போலப் படிந்திருந்தது. அவர் காலிங்பெல் அடிப்பதைப் போல அழுத்தியும் திரை அசையவில்லை. கறுப்பை நீட்டினோம். தடிப் பொத்தானைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு, முடிந்தது. அங்கே சிக்னல் துளியும் இல்லை. கறுப்பு கணக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மெயின் ரோடு வந்ததும் அனுப்பியது. மேனேஜர் போனில், "வந்துருச்சு" என்றார். அக்கா அதைத் தன் காதால் கேட்க வேண்டும் என்று போனை வாங்கிக்கொண்டார்.

இன்னும் ஐந்து ஆலைகளுக்குப் போனோம். நடுவில், 3.40க்கு ஆர்டர் சொன்னேன்: கறுப்பு, பத்து. அசிங்கம் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு, ஏசி அறை மேசையில் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உச்சி வெயிலில், வேலை பார்க்கிறவர் விரலால், சிக்னல் இல்லாத இடத்தில் பாருங்கள். லேபிளை முதலில் அடித்துப் பாருங்கள். பேட்டரியையும் நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள், எங்களுக்கு மாலை ஐந்துக்கு 46 சதவீதம் மிச்சமிருந்தது. சும்மா ஊர் பார்க்கப் போகிறவர்கள், அனுமதி கேட்காமல் ஆலை வாசலில் போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். திரும்பும்போது விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டாவை விட்டுவிடாதீர்கள். இருவருக்கு 280 ரூபாய் ஆனது, அண்ணன் இரண்டாம் முறை சால்னா கேட்டதையும் சேர்த்து.

ஆனால் பரோட்டாவுக்கு முன் நடந்ததைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 5.10க்கு எம். புதுப்பட்டியில் கடைசிப் பெட்டி இறங்கியது. ரோட்டுக்கு வந்ததும் மேனேஜரின் செய்தி வந்தது: 'எல்லாம் சரி. அவங்களை இறக்கி விடுங்க.' பாண்டி அண்ணன் அக்கா வீட்டு முன்னால் பிரேக் போட்டார். அக்கா இறங்காமல் என்னையே பார்த்தார். "இறங்குங்கக்கா" என்றேன்.

வேன் சத்தம் கேட்டு அவர் வீட்டுக்காரர் ஈரக்கையோடு ஓடி வந்தார். "ஏ புள்ள, என்னாச்சு? மேலுக்கு முடியலையா?"

"மேலுக்கு ஒண்ணுமில்ல. வேல முடிஞ்சிருச்சு."

அவர் வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இன்னும் பொழுதே சாயலயே. இப்ப வந்து என்ன செய்யப் போற?"

அக்கா வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்.

"சும்மா உக்காரப் போறேன்" என்றார்.