சுடுகாட்டுப் பாதைக்குக் கமிஷனர் வந்த நாள்

எங்கள் ஊர் கன்னிவாடியிலிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் இருக்கிறது. வீடுகளை நின்ற இடத்திலிருந்தே எண்ணிவிடலாம். ஆள்தான் குறைவு, வம்புக்குக் குறைவில்லை. எங்கள் தோட்டத்துக்கும் சுடுகாட்டுக்கும் போகிற ஒரே வண்டிப்பாதையை அப்பாவின் பங்காளி, எனக்குச் சித்தப்பா, முள் போட்டு அடைத்துவிட்டார். அது தன் நிலம், அங்கே பாதையே கிடையாது என்று சாதித்தார். சாவு விழுந்தால் வேன் வைத்து ரோட்டைச் சுற்றிப் போங்கள் என்று ஊருக்கும் சொல்லிவிட்டார்.

பஞ்சாயத்துத் தலைவரிடம் போனோம், தாலுகா ஆபீசுக்குப் போனோம். எல்லோரும் கோர்ட்டைக் கைகாட்டினார்கள், கேஸ் போட்டோம். தக்காளிப் பெட்டிகளை வரப்பு வழியே தலையில் சுமந்து அம்மாவுக்குக் கழுத்தே திரும்பவில்லை. கேஸ் தோற்றால் தோட்டத்தை விற்க வேண்டியதுதான்.

கடைசியில், இடத்தை நேரில் பார்த்து அறிக்கை எழுத கோர்ட் ஒரு வக்கீலை அனுப்பியது. கமிஷனர் என்பார்கள். அவர் வருகிற அன்று காலையில் சித்தப்பாவின் அம்மா இறந்துபோனார். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சாவதற்கு இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது!

வந்திறங்கிய கமிஷனருக்கு இடம் காட்ட நான் அவரோடு பாதை முனையில் நின்றிருந்தேன். பாடை அங்கே வந்து நின்றது. மேளமும் நின்றது. முன்னால் கொள்ளிச்சட்டியோடு சித்தப்பா. பாடையின் ஒரு முனை அப்பா தோளில். கேஸ் இருந்தாலும் பங்காளி தூக்கியே ஆகவேண்டும்.

சித்தப்பாவின் மச்சினன் பதறிக்கொண்டு வந்தார். "மச்சான், கோர்ட்டு ஆளு நிக்கிறாரு. முள்ள எடுத்தா கேஸ் போச்சு. வேனச் சொல்லுவோம், ரோட்டச் சுத்திப் போயிருவோம்."

சித்தப்பா சட்டியைக் கை மாற்றிக்கொண்டார். "எங்கய்யா போன வழியிலதான் தன்னையும் கொண்டு போகணும்னு ஆத்தா சொல்லியிருக்குடா." அவர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"இழுத்துப் போடுங்கடா முள்ள!" என்றார் சித்தப்பா.

அப்பாடா, ஜெயித்தோம் என்று என் நெஞ்சு துள்ளியது. கமிஷனர் படமெடுக்க செல்போனை உயர்த்தினார். பாடையைச் சுமந்தபடியே அப்பா சத்தம் போட்டார்: "சார், வேணாம்! சாவு போகுது. நாளைக்கு வாங்க."

கமிஷனர் போனைப் பைக்குள் வைத்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குளித்துவிட்டு வந்த அப்பாவைப் பிடிபிடியென்று பிடித்தேன். "விடியறதுக்குள்ள முள்ளு திரும்ப ஏறிரும். உங்க நல்ல மனசுக்கு அம்மா கழுத்துதான் ஒடியணுமா?" அவர் ஈரத் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார்.

மறுநாள் கமிஷனரோடு ஓடினேன். முள் ஓரமாகவே கிடந்தது. சுடுகாட்டில் பால் ஊற்றிவிட்டு ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அப்பா வந்தார். முன்னால் வந்த சித்தப்பா, மொட்டைத் தலையோடு, கமிஷனர் எதிரே நின்றார்.

"பாதைதான் சார். எங்காத்தா போன பாதை. எழுதிக்கங்க."

அப்பா பக்கம் அவர் திரும்பவில்லை. இன்றுவரை இருவருக்கும் பேச்சு கிடையாது. முதல் நாள் வராத அழுகை எனக்கு அங்கே, கமிஷனர் பாதையை அளக்க டேப்பை விரித்துக்கொண்டிருக்கும்போது வந்தது.