வட்டம் போட்ட பெயர்

“…இதுல தப்பா எடுத்துக்க என்னக்கா இருக்கு? அண்ணன் இருந்திருந்தா எனக்குத்தானே போட்டிருப்பாரு?” என்றார் டீச்சர். வார்டு தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலை அது. என் வீட்டுக் கூடத்தில், தையல் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரோ போர்த்திய சால்வையை மடித்து மடியில் வைத்திருந்தார், அதன்மேல் எனக்குக் கொண்டுவந்த ஸ்வீட் பெட்டி. அண்ணன் என்று அவர் சொன்னது என் கணவரை. என் கணவர் இறந்து அப்போது எட்டு மாதம். வாக்குப்பதிவு அன்று அவர் பெயரில் ஒரு ஓட்டு விழுந்திருந்தது.

டீச்சர் எனக்குப் பதினெட்டு வருடத் தோழி. அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை டீச்சர் என்பேன். அவர் ஜாக்கெட் எல்லாம் என் மெஷினில் தைத்தவை. என் மகள் கற்ற கணக்கெல்லாம் அவர் வீட்டு டியூஷன் பலகையில் கற்றது. செம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கள் தெருக்கள். ஒவ்வொரு கார்த்திகையிலும் டியூஷன் அறைக்குள் தண்ணீர் வந்துவிடும். பெஞ்சுகளைச் செங்கல் வைத்து உயர்த்திவிட்டு, பிள்ளைகளைச் சம்மணம் போட்டு அதன்மேல் உட்காரவைத்துப் பாடம் நடத்துவார். வடிகால் கேட்டு அவர் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. “மனு எழுதி எழுதி என் கையெழுத்துதான்க்கா அழகாச்சு, தெரு அப்படியேதான் இருக்கு” என்பார். அந்த வருடம் எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியதும் சுயேச்சையாக நின்றுவிட்டார். சின்னம் சீப்பு.

நான் அவரோடு ஓட்டுக் கேட்கப் போனது அரசியலுக்காக அல்ல. என் கணவர் போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை. ஊசியில் நூல் கோத்தால் கோத்தபடியே உட்கார்ந்திருப்பேன், தெருவில் பள்ளிக்கூட வேன் வந்த பிறகுதான் மணி நான்கு என்று தெரியும். “சும்மா கூட நடங்கக்கா. பேச வேணாம், நடந்தா போதும்” என்று டீச்சர் கூட்டிப் போனார். ஆனால் போன இடத்தில் நான்தான் பேசினேன். இந்த ஏரியாவில் பாதிப் பெண்களின் தோள் அளவு எனக்கு மனப்பாடம். கேட்டைத் திறந்தாலே, “என்னக்கா, பிளவுஸ் ரெடியா?” என்றுதான் கேட்பார்கள். மளிகைக் கடை பாய் தொப்பியைக் கழற்றி வழுக்கைத் தலையைக் காட்டி, “இதப் பாத்துகினே சீப்புக்கு ஓட்டு கேக்குறியேம்மா, உனக்கே நியாயமா?” என்றார். ரிட்டயரான சார் ஒருவர், “வூட்டுக்குள்ள தண்ணி வந்தப்போ ஒருத்தரும் வரல. இப்ப எல்லாரும் செருப்பை வெளியே விட்டுட்டு எவ்வளவு மரியாதையா வர்றாங்க பாரு” என்றார். யார் என்ன சொன்னாலும் எனக்கு அப்படியே நினைவில் நிற்கும். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கவேண்டிய இடம் எது என்று எனக்கும் தெரிந்தது, நானும் சிரித்தேன்.

எனக்குக் கொடுத்த வேலை வாக்காளர் பட்டியல். வீடு வீடாகப் போய், யார் இருக்கிறார்கள், யார் வெளியூர், யார் இறந்துவிட்டார்கள் என்று கேட்டுக் குறிக்கவேண்டும். இல்லாதவர் பெயரைச் சுற்றி ஒரு வட்டம். அவர்களுக்குப் பூத் சிலிப் எழுதி நேரத்தை வீணாக்கவேண்டாம் என்பதற்காக என்றுதான் டீச்சரின் தம்பி சொன்னார். பட்டியல் வேலை முழுக்க அவர் பொறுப்பு. தெருமுனைப் பூக்காரம்மா நான் வட்டம் போடுவதைப் பார்த்துவிட்டு, “இன்னாமே, செத்தவன் பேரையே எழுதிகினு கீற? உசுரோட கீறவன இன்னான்னு கேக்க ஆளக் காணோம்” என்றாள். மூன்றாம் நாள் எங்கள் வீட்டு எண்ணே வந்தது. என் வீட்டுக்காரர் பெயர், கீழே என் பெயர். பேனா நிற்கவில்லை. மற்றவர்களுக்குப் போட்ட மாதிரியே ஒரு வட்டம் போட்டேன், அடுத்த கதவைத் தட்டினேன். அன்று சாயங்காலம் பட்டியலை டீச்சரின் தம்பியிடம் கொடுத்தேன். “இவ்வளவு சுத்தமா யாரும் செஞ்சதில்லக்கா” என்றார்.

வாக்குப்பதிவு அன்று என்னைப் பூத்துக்குள் ஏஜெண்டாக உட்காரவைத்தார்கள். பள்ளிக்கூட வகுப்பறை, சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு, முழங்கால் நெஞ்சில் இடித்தது. வருகிறவர் சீட்டை நீட்டியதும் அதிகாரி வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார். எல்லா ஏஜெண்டும் தங்கள் பட்டியலில் டிக் செய்வோம். ஆள் மாறி வந்தால் அங்கேயே சொல்லிவிடவேண்டும், அதற்குத்தான் எங்களை உட்காரவைப்பது. என் ஓட்டைக் காலையிலேயே போட்டுவிட்டேன். பகல் பன்னிரண்டு மணி இருக்கும், அதிகாரி ஒரு எண்ணைப் படித்து, என் கணவர் பெயரைப் படித்தார்.

முப்பது வருடம் கூட வாழ்ந்து நான் வாய்விட்டு ஒருமுறைகூடச் சொல்லாத பெயர். ஒரு அந்நியர் அதைக் கணீரென்று சொன்னார், இன்னொரு அந்நியன் “ஆமா சார்” என்றான். கட்டம் போட்ட சட்டை, முப்பத்தைந்து வயதுக்குள். கையில் பூத் சிலிப், ஏதோ அடையாள அட்டையின் ஜெராக்ஸ். சிலிப்பில் டீச்சரின் தம்பி கையெழுத்தை நான் அடையாளம் கண்டுகொண்டேன். அதிகாரியின் பட்டியலில் இருந்த படம் தபால்தலை அளவில், கருகிப்போய், யாருடைய படமாகவும் இருக்கலாம். அவர் கொஞ்சம் தயங்கினார். எதிர்க்கட்சி ஏஜெண்ட் படப்பைப் பக்கத்துப் பையன், எங்கள் ஏரியாவில் யாரையும் தெரியாது. அவன் என் பக்கம் திரும்பி, “அக்கா, உங்க தெருதானே? ஆளு தெரியுமா?” என்றான்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீச்சரின் ஆட்கள் இறந்தவர் ஓட்டைப் போடுகிறார்கள் என்று பத்து நிமிடத்தில் ஏரியா முழுக்கப் பரவிவிடும். பதினெட்டு வருட மனுக்களும் அதோடு போகும். இதையெல்லாம் யோசித்துச் சொன்னேன் என்று இப்போது எழுதலாம். அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை. “தெரியும்” என்றேன். வட்டத்துக்குள் இருந்த பெயருக்குப் பக்கத்தில் டிக் போட்டேன். அவன் விரலில் மை வைத்தார்கள். வெளியே போகும்போது, தெரிந்த ஆள் என்று நான் சொன்னதற்கு மரியாதையாக, “வரேன்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் தலையாட்டினேன்.

டீச்சர் ஜெயித்தார். ஜெயித்த வித்தியாசத்தைப் பார்த்தால், நான் போட்ட வட்டங்களில் ஒன்றுகூட அவருக்குத் தேவைப்பட்டிருக்காது. வடிகாலும் வந்துவிட்டது. போன மழையில் டியூஷன் அறைக்குள் தண்ணீர் ஏறவில்லை. நான் அந்த வடிகால் மூடிமேல் நடந்துதான் தினமும் பால் வாங்கப் போகிறேன். டீச்சரும் நானும் இன்றும் பேசிக்கொள்கிறோம், அவர் ஜாக்கெட் இன்றும் என்னிடம்தான் வருகிறது. என் கணவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க ஒரு படிவம் கொடுக்கவேண்டும். வாங்கி வைத்திருக்கிறேன். நிரப்ப உட்காரும்போதெல்லாம் யாராவது தைக்கத் துணி கொண்டுவந்துவிடுகிறார்கள், அல்லது அப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அந்தக் காலையில் நான் டீச்சரிடம் சண்டை போடவில்லை. ஸ்வீட் பெட்டியை அவர் நீட்டியபோது, “எங்க வீட்டுக்காரர் ஓட்டு விழுந்தது உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?” என்று மட்டும் கேட்டேன். தெரியாது என்று அவர் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்பத் தயாராகத்தான் கேட்டேன். பெட்டியை மடியில் திரும்ப வைத்துக்கொண்டார். “தம்பி அன்னைக்கு மத்தியானமே சொன்னான்க்கா” என்றார். பிறகுதான் அண்ணன் இருந்திருந்தால் எனக்குத்தானே போட்டிருப்பார் என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியாது. என் கணவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று என்னிடம்கூடச் சொன்னவர் இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் கேட்பேன், “சம்பளத்தைக் கேளு, சொல்றேன். இதைக் கேக்காத” என்று சிரித்துவிட்டு, மை வைத்த விரலோடு ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது, மூடிக்கொண்டேன்.

நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் போல. டீச்சர் எழுந்தார். சால்வையை நாற்காலியில் வைத்தார், சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டார். சுவரில் மாட்டியிருந்த என் கணவர் படத்தின் முன்னால் போய் நின்று, மூன்று வாரம் வீடு வீடாகக் கும்பிட்ட அதே மாதிரி, தலையை லேசாகச் சாய்த்து, பல் தெரியச் சிரித்து, கை கூப்பி, “ரொம்ப தேங்க்ஸ்ண்ணா” என்றார்.