கருவாட்டு வாடியில் கிடந்த நத்தார் மா

எஸ்தாக்கியர் சுட்ட கேக்கைத் தின்னாவிட்டால் புளியந்தீவில் அது நத்தாரே இல்லை. அந்தப் பேரும் புகழும் சும்மா வந்ததா? துரைமார் வந்து தங்கும் வாடிவீட்டுக்கு விறகு கொத்தப் போன ஆள் அவர். துரைமாரின் எச்சில் பீங்கானைக் கழுவிக் கழுவி, குசினிக்காரன் செய்வதைக் கண்ணாலேயே களவெடுத்து, கடைசியில் கேக் சுடச் சொந்தமாகப் போறணை கட்டினார். யேசு பிறந்த நத்தார் காலைப் பூசை முடிந்ததும் கோயில் பிள்ளைகள் அத்தனை பேரும் அவர் முற்றத்தில் நிற்பார்கள். கையை முத்தி ஆசீர்வாதம் வாங்குவார்கள், ஆளுக்கொரு துண்டு கேக்கோடு போவார்கள்.

சண்டைக்காலம் வந்து மாவும் சீனியும் பங்கீட்டுக் கூப்பனுக்குப் போன வருடமும் அவர் அசையவில்லை. கோயில் வாசலில் நின்று, "சண்டையாவது மண்ணாங்கட்டியாவது! என்ட கேக் வரும்" என்றார். ஒரு மூடை கோதுமை மாவை வாவிக்கரையில் கருவாட்டு வியாபாரி நல்லரத்தினத்தின் வாடிக் கொட்டிலுக்குள் ஒளித்து வைத்திருந்த தைரியம் அது. அந்த நாற்றத்துக்குள் எந்தப் பொலிஸ்காரன் மூக்கை நீட்டுவான்?

பொலிஸ்காரன் நீட்டவில்லைதான். ஆனால் மாரி மழை ஈரத்தில் கருவாட்டு வீச்சமெல்லாம் மாவுக்குள் இறங்கிவிட்டது.

நத்தாருக்கு முதல்நாள் மூடையை அவிழ்த்ததுமே கருவாட்டு வீச்சம் முகத்தில் அடித்தது. மா கட்டி கட்டியாகக் கிடந்தது. அரித்தால் அரிதட்டில் வெள்ளைப் புழு நெளிந்தது. "சீ!" என்று துப்பினார். ஆனாலும் விடவில்லை. கறுவாவையும் கராம்பையும் அள்ளிப் போட்டுக் குழைத்துப் போறணைக்குள் வைத்தார். சூடு ஏற ஏற, கறுவா மணத்துக்கு மேலே சூடைமீன் கருவாட்டு வீச்சம் எழும்பி முற்றமெல்லாம் பரவியது. தங்கச்சி பிலோமினாவின் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"மாமா, கேக்குக்கு மீனும் போட்டீங்களா?" என்றாள் மூத்தவள் றீற்றா.

"வாயப் பொத்து!"

ஒரு துண்டை வாயில் வைத்தார். உடனே துப்பினார். கேக் முழுவதையும் வாவியில் கொட்டிவிட்டு வந்து தேசிக்காயைப் பிழிந்து கையைத் தேய் தேயென்று தேய்த்தார். வீச்சம் போகவில்லை.

"நாளைக்கு அந்தப் புள்ளயளுக்கு என்னத்தக் குடுக்கிற?" என்று தங்கச்சியிடம் கேட்டார்.

"சிவத்தப் பச்சையரிசி இரிக்கி, எள்ளு இரிக்கி, உன்னிச்சைக் காட்டுத் தேன் இரிக்கி" என்றாள் பிலோமினா. "மாவ வறுத்துத் தேங்காப்பூவும் போட்டு உருட்டுவம். வகுத்துக்கும் நல்லம்."

"துரைமார்ட குசினியில தொழில் படிச்சவன் நான். நத்தாருக்கு மாவுருண்டையா? தூ!"

"அப்ப வாவில கொட்டின கருவாட்டுக் கேக்க அள்ளிக் குடுங்க அண்ணன். ஊரே உங்களக் கொண்டாடும்."

பிலோமினா அரிசியை இடித்து மாவை வறுத்து இறக்கினாள். தன் குழையலில் ஒருவரையும் விரல் வைக்க விடாத மனுசன், தன் கையை முகர்ந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். உருட்டுவதற்குப் பிள்ளைகளின் கைதான் இருந்தது. அதையும் பார்க்கச் சகிக்கவில்லை.

"நகத்தக் காட்டு! சீ, அதென்ன ஊத்தை? போய்க் கழுவு. டேய் அருளப்பு, மூக்குக்குள்ள விட்ட விரலாலயா மாவத் தொடுறாய்? எழும்பு! ஒரே அளவா உருட்டுங்க, ஆட்டுப் புழுக்க மாதிரி உருட்டாதீங்க!"

சுளகு நிறைந்தபோது ஒரு உருண்டைகூடக் கோணலாக இருக்கவில்லை. வாடிவீட்டுத் துரைமாருக்குக்கூட யாரும் அப்படி ஒழுங்காக வைத்ததில்லை.

மறுநாள் பிள்ளைகள் வந்து கையை முத்தக் குனிந்தார்கள். எஸ்தாக்கியர் இரண்டடி பின்வாங்கினார். "கையும் வேணாம் ஒண்டும் வேணாம். தின்னுங்க" என்றார். தின்றார்கள். கேக் எங்கே என்று கேட்ட ஒன்றிரண்டு பேரும் இரண்டாம் உருண்டைக்கு வந்து நின்றார்கள்.

"நீங்க தின்னல்லியே மாமா?" என்று றீற்றா ஒன்றை நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை, வாயைத்தான் திறந்தார். மென்றார்.

"நாட்டுத் தீன்" என்றார், முகத்தைச் சுளித்துக்கொண்டே. "எள்ளு காணாது."

மறுபடியும் வாயைத் திறந்தார்.