மனுகாவில் ஒரு துவக்கு லைசென்ஸ் மேசை

மற்றவர்களின் குற்றங்களை நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது என் தொழில். பாதி ஆயுள் ஊரில் இயக்கத்துக்குத் துண்டுப்பிரசுரம் எழுதியவன் நான். இரண்டு அரசாங்கங்கள் என்னைத் தேடின, எந்தத் தியாகிப் பட்டியலும் தேடவில்லை. இப்போது நியூசிலாந்தில், சனிக்கிழமைகளில் ஆக்லாந்தின் மனுகாவில் ஒரு சமூக மண்டபத்தின் மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். படிவம் நிரப்பியே தலை நரைத்தவர்களே, உங்களுக்கு என் நிலைமை விளங்கும்.

வெள்ளைத் தாள்

மாசி என்கிற புறநகரிலிருந்து ரவீந்திரன் வந்த காலையில் கடல்மூட்டம் கார் தரிப்பிடம்வரை இறங்கியிருந்தது. கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள்: அவருடைய குற்றப்பதிவு. அதில் ஒன்றுமே இல்லை. ஏழு வருடம் ஒழுங்காக இருந்தால் சிறை போகாதவர்களின் பழைய தண்டனையை இந்த நாட்டுச் சட்டம் மூடி மறைத்துவிடும். அந்த வெறுமையை அவர் சாமியறையில் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாராம்.

காட்டை அழிக்கிற பொசம் என்ற மரவிலங்கையும் காட்டாடுகளையும் ஒழிக்கிற வேலை அவருக்கு. இதுவரை பொறிதான் வைத்தார். இனித் துவக்கால் சுடவேண்டும், லைசென்ஸ் இல்லாவிட்டால் வேலையில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். துவக்கு என்று வந்தால் அந்த மறைப்புச் சட்டம் செல்லாது, பழசை முழுக்க எழுதவேண்டும் என்றேன். அவர் கண்ணாடிச் சட்டத்தை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“முருகனே பேசாமல் இருக்கிறார் அண்ணை, இவங்கள் ஏன் கிண்டுறாங்கள்?”

பென்ரோஸ் காவியம்

பன்னிரண்டு வருடத்துக்கு முன் பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில் அவர் மேற்பார்வையாளரை ஓர் அடி அடித்திருந்தார். அதை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கூரைவரை அடுக்கிய பெட்டிகள், நடுவில் தூசி மிதக்கும் வெளிச்சம், கண் திறந்தபடி தூங்கும் மனிதர்கள். என் கை பழைய வேகத்தில் ஓடியது. சுரண்டல் வந்தது, வரலாறு வந்தது, உழைப்பாளியின் முஷ்டியும் வந்தது. நிமிர்ந்தபோது மூன்று பக்கம்.

தமிழில் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

“அண்ணை, இதைப் பார்த்தால் நான் துவக்குக் கேட்கேல்லை, பீரங்கி கேட்கிறன்.”

தெரியாது

‘நான் அடித்தேன், பிழை என்னுடையது’ என்று நாலு வரியில் அனுப்பினோம். பிறகு விசாரிக்க ஒரு லைசென்ஸ் அதிகாரி மாசியில் அவர்கள் வீட்டுக்குப் போனார். ரவீந்திரனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மனைவி சாந்தியிடம் தனியாகக் கேட்டார். கணவர் குடிப்பாரா? தெரியாது. கோபக்காரரா? தெரியாது. துவக்கை எங்கே பூட்டி வைப்பார்? தெரியாது. அதிகாரி பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார். விண்ணப்பம் அப்படியே நின்றது.

“ஏன் பிள்ளை அப்படிச் சொன்னாய்?” என்று போனில் கேட்டேன். விசாரிக்க வருபவனிடம் வாய் திறவாதே என்று ஒருகாலத்தில் ஊர் ஊராக அச்சடித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

“ஊரில அகதிக் காம்பில வந்து கேட்டவங்களிட்டத் தெரியும் எண்டு சொன்ன ஒருத்தரும் திரும்பி வரேல்லை அண்ணை.”

இரண்டாம் வருகை

எழுதிக் கேட்டு, அதிகாரியை இன்னொருமுறை வரவைத்தோம். மொழிபெயர்க்க நான் போனேன். சொல்லவேண்டியதை சாந்திக்கு முதல்நாளே படிப்பித்திருந்தேன். அதில் ஒன்றையும் அவள் சொல்லவில்லை. யன்னலுக்கு வெளியே மழையில் நிற்கும் கணவரைப் பார்த்துக்கொண்டே, தான் காணும் கனவைச் சொன்னாள். கனவில் குளிர்பெட்டியோடு ஒரு துவக்கு, நனைந்த குடைபோலச் சாய்ந்து நிற்குமாம். அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடியுமாம். துடைக்கத் துடைக்க நிலம் காயாதாம்.

வாழ்க்கையில் முதல்தடவையாக, ஒரு சொல்லும் கூட்டாமல் மொழிபெயர்த்தேன். கணவரைக் கண்டு பயமா என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

“இவரைக் கண்டு என்னத்துக்குப் பயம்? அந்தச் சாமானுக்குத்தான் பயம், அதை வேறெங்கையாவது வையுங்கோ, இவரை வீட்டுக்குள்ள விடுங்கோ.”

துவக்கு வீட்டுக்கு வராது, முதலாளியின் இரும்புப் பெட்டியில்தான் இருக்கும் என்று எழுதிக் கொடுத்தோம். சில கிழமைகளில் லைசென்ஸ் வந்தது. சனங்களுக்காகப் பேசியே தொண்டை கட்டிப்போன எனக்கு, சனங்கள் தாங்களே பேசினால் வேலை கெதியாய் முடியும் என்று விளங்க ஆக்லாந்துவரை வரவேண்டியிருந்தது.