இனித்த முகமூடி

பெரியநீலாவணைக் கரையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. கலாநிதி றவூப்பின் மகன். "அங்கிள், வாப்பா மௌத்தாகிட்டார். விடியச் சுபஹு தொழுதுட்டு வந்து படுத்தவர், எழும்பல்ல. பின்னேரம் அஸரோட அடக்கம்" என்றான். வாங்கிய மீனைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தது வீட்டு வாசலில்தான் நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது கோபம். நானும் அவரும் போட்டு முடிக்காத சண்டைகள் இன்னும் நிறைய இருந்தன.

ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் எங்கள் அறைகள் அடுத்தடுத்தவை. நான் இரசாயனம் படிப்பிக்கிறவன். அவருக்குத் தொழிற்சுகாதாரமும் பாதுகாப்பும். உழைப்பே உழைக்கிறவனுக்கு நோயாகிற இடங்களைத் தேடித் தேடிப் போவார். வயலில் கிருமிநாசினி அடிப்பவர்களின் கைகளையும், மருதமுனைத் தறிகளில் குனிந்தே இருப்பவர்களின் முதுகையும் அவரைப்போல் பார்த்தவர் இல்லை. கலியாண வீட்டுக்குப் போனாலும் சமையற்காரரின் கண் புகையில் சிவந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூடியிருந்து உண்ணும் சஹனில் கைவைப்பார். "இவரக் கூட்டிட்டு ஒரு விருந்துக்குப் போக ஏலாது" என்று அவருடைய மனைவி என்னிடம் முறையிடாத பெருநாள் இல்லை. அவரோடு பழகிய உங்களில் பலருக்கும் இது தெரியும்.

அவரை நினைத்தால் எனக்குச் சவளக்கடைப் பக்கத்து அரிசி ஆலைதான் முன்னால் வருகிறது. நெல் மூட்டைகளை அவிழ்த்து ஒரு குழிக்குள் கொட்டுவார்கள். கொட்டும்போது எழுகிற தூசியில் பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியாது. அங்கே வேலை செய்த, எல்லோருக்கும் அண்ணன் முறையான யாசீன் காக்காவுக்கு ஆலை வாசலிலிருந்து தராசுவரை நடப்பதற்குள் மூச்சு இழுக்கும். றவூப் ஆய்வுப் பணத்தில் நல்ல முகமூடிகளை வரவழைத்து எல்லோருக்கும் கொடுத்தார். மாதங்கள் போயும் ஊதிப் பார்க்கும் கருவியில் யாருடைய மூச்சும் தேறவில்லை.

முகமூடி முகத்தோடு ஒட்டி நிற்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. முகமூடியைப் போட்டவரின் தலைக்கு மேல் ஓர் உறையை மாட்டி, அதற்குள் இனிப்பான திரவத்தை ஆவிபோலப் பீச்சுவார்கள். நாக்கில் இனித்தால் காற்று உள்ளே ஒழுகுகிறது என்று பொருள். அந்தக் கருவி வந்து சேர்ந்தது நோன்பு மாதத்தில். றவூப்புக்கு நோன்பு, ஆலைக்காரர்களுக்கும் நோன்பு; நான் முஸ்லிம் அல்ல. "மச்சான், சும்மா இரிக்கிற வாய் ஒனக்குத்தான்" என்று உறையை என் தலையில் மாட்டினார். எனக்குத் துளியும் இனிக்கவில்லை. முகமூடியில் குறையில்லை, போடுகிறவர்களிடம்தான் கவனமில்லை என்று முடிவு கட்டிவிட்டார். அடுத்த நாளே ஆலைக்குப் போய், எல்லோருக்கும் முன்னால் யாசீன் காக்காவைக் கடிந்து பேசியும் விட்டார். அந்த மனிதர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

பெருநாள் முடிந்து வளாகம் திறந்த அன்று, மாணவர்களுக்குச் செய்து காட்டுவதற்காக றவூப் தானே உறைக்குள் தலையை விட்டார். நான் பீச்சினேன். உறையைக் கழற்றியபோது அவர் முகம் செத்துப்போயிருந்தது. "இனிக்கிது மச்சான்" என்றார். நான் நாள் தவறாமல் சவரம் செய்கிறவன். அவருக்கு நெஞ்சுவரை தாடி; அது முகமூடியைத் தோலில் ஒட்டவிடவில்லை. ஆலையில் பெரும்பாலானோர் தாடிக்காரர்கள்.

அன்றே கருவியோடு ஆலைக்குப் போனோம். அதே ஆட்களுக்கு முன்னால், "யாசீன் காக்கா, அண்டைக்கு ஒங்களப் பேசினது பிழை. தாடி வச்ச ஊருக்குத் தாடி வழிச்சவன வச்சு அளந்திட்டன். பிழை என்னில" என்றார். யாசீன் காக்கா சங்கடப்பட்டுச் சிரித்தார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த ஆலை முதலாளி வேறு கணக்குப் போட்டார். "அப்ப தாடிய எடுக்கச் சொல்லுவம் சேர். ஏலாதவன் வேற வேல பாக்கட்டும்." யாசீன் காக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. "நபிட சுன்னத்தான தாடியையும் விடேலா, சோத்தையும் விடேலா சேர்" என்றார். நல்லது செய்யப் போய் மனிதர்களின் பிழைப்பில் கைவைத்துவிட்டோம்.

முதலாளியும் தாடிக்காரர்தான். றவூப் முகமூடியை அவரிடம் நீட்டினார். "ஹாஜியார், ஒருக்கா நீங்களும் போட்டுப் பாருங்க." மறுக்க முடியாமல் போட்டு, உறைக்குள் தலையையும் விட்டார். நான் பீச்சினேன். "என்ன சேர் இது, சீனிப்பாணி குடிச்ச மாதிரி இரிக்கி" என்றார் அவர். "தூசியா இருந்தா அது ஒங்கட நெஞ்சுக்குள்ள போயிரிக்கும். ஒங்கட தாடிய எடுங்க எண்டு ஆரு சொல்லுவாங்க? ஆக்கள்ட முகத்த விடுங்க ஹாஜியார். குழியப் பாப்பம்" என்றார் றவூப்.

குழியைப் பார்த்தார்கள். தகரத்தால் மூடி, கொட்டுவதற்கு மட்டும் வாய் விட்டு, தூசியை இழுத்து வெளியே ஒரு தொட்டிக்குள் விடும் விசிறி பூட்டினார்கள். முதல் விசிறி அடைத்துக்கொண்டது. றவூப் அதைக் கழற்றிக் கழற்றிப் பூட்டி, உடுத்தியிருந்த சாரன் முழுக்க உமியோடு வீட்டுக்குப் போய் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மெல்ல மெல்லப் பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியத் தொடங்கியது. யாரும் தாடி எடுக்கவில்லை, யாருக்கும் வேலையும் போகவில்லை.

ஆய்வுக் கட்டுரையில் அந்த நோன்பு மாதத்துப் பிழையையும் ஒளிக்காமல் எழுதினார். விட்டுவிடச் சொல்லி நான் கெஞ்சினேன். "நம்மட பிழையப் படிச்சு இன்னொருத்தன் தப்பட்டும், மச்சான்" என்றார். அதற்கும் சண்டை போட்டோம். இந்தப் பிடிவாதக்காரரை நான் எவ்வளவு நேசித்தேன் என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆண்கள் நாங்கள் சண்டையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அடக்கத்தன்று தெருவோரமாய் நானும் கூடவே நடந்தேன். பள்ளிவாசலிலிருந்து உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கியவர்களில் யாசீன் காக்காவும் இருந்தார். நரைத்த தாடி நெஞ்சில் கிடந்தது. வழியில் ஒவ்வொருவராய்த் தோள் மாற்றிக்கொள்ள வந்தார்கள். மற்றவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். யாசீன் காக்கா விடவில்லை. "இரிக்கட்டும் தம்பி, எனக்கு மூச்சு இழுக்கல்ல" என்று சொல்லிக்கொண்டே அடக்கும் மையவாடி வாசல்வரை சுமந்தார்.

றவூப்பின் கட்டுரைகள் நூலகத்தில் இருக்கும், வேண்டியவர்கள் எடுத்துப் படிக்கலாம். நான் எனக்கென்று வைத்துக்கொண்டது யாசீன் காக்காவின் அந்த மூச்சை.